விழுங்கும் தசைகளின் பூர்வீகம்

ஒரு வாய்ச் சோறு தொண்டையைத் தாண்ட ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் 25-க்கும் மேற்பட்ட இணைத் தசைகள் வரிசை பிசகாமல் இயங்கியாக வேண்டும். உதடும் தாடையும் மூடும், நாக்கு பின்னோக்கித் தள்ளும், அண்ணம் உயர்ந்து மூக்கு வழியை அடைக்கும், குரல்வளை மேலெழும்பும், உணவுக்குழாயின் வாசல் திறக்கும். ஐந்து இணை மூளை நரம்புகள் இவற்றை ஏவுகின்றன. செயல் ஒன்றுதான். அதைச் செய்யும் தசைகள் கருவில் ஓரிடத்தில் பிறந்தவையா, பல இடங்களிலிருந்து வந்து கூடியவையா? கை கால் தசைகளுக்கு இவை உடன்பிறப்புகளா, வேறு வம்சமா? இருநூறு ஆண்டுகளாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. விடை சொன்னவரின் மேசையில் எந்த விலங்கின் கரு இருந்தது என்பதை வைத்தே பெரும்பாலும் விடையும் அமைந்திருக்கிறது.

திருப்பூர்–தாராபுரம் சாலை, கோவை–திருச்சி நெடுஞ்சாலையை வெட்டும் அவிநாசிபாளையத்தில் நின்றால் இந்தக் கேள்விக்கு வேண்டிய இரண்டு விலங்குகள் இரு பக்கமும் கிடைக்கின்றன. மேற்கே பல்லடம், நாட்டின் கறிக்கோழித் தொழிலின் முக்கிய மையங்களில் ஒன்று, பண்ணைக் கொள்முதல் விலையே அங்குள்ள ஒருங்கிணைப்புக் குழுவின் அறிவிப்பை ஒட்டித்தான் நகர்கிறது. கிழக்கே காங்கயம்; மாட்டுக்குப் பேர்போன ஊர். கோழியின் உணவுக்குழாய் முழுவதும், குடல்சுவரில் இருப்பது போன்ற மென்தசையால் ஆனது. மாட்டின் உணவுக்குழாய் தொண்டை முதல் வயிறு வரை, கை கால் தசையைப் போன்ற வரித்தசை. மனிதனுக்கு மேல் மூன்றிலொரு பங்கு வரித்தசை, நடுவில் கலப்பு, கீழே மென்தசை. ஒரே வேலையைச் செய்யும் ஒரே குழாய் ஏன் மூன்று விதமாகக் கட்டப்பட வேண்டும்? தசைகளின் பிறப்பிடத்தைத் தேடிய விவாதம் கடைசியில் இந்தக் குழாயில் வந்துதான் நிற்கிறது.

தலையும் முதுகெலும்பின் நீட்சியா?

மண்டையோடு என்பது உருமாறிய முதுகெலும்புத் துண்டுகளின் கோவை என்று கதேயும் லோரென்ஸ் ஓக்கனும் எண்ணினார்கள். ஓக்கன் இதை வெளியிட்டது 1807-இல். ரிச்சர்ட் ஓவன் இக்கருத்தை இங்கிலாந்தில் வளர்த்தார். 1858-இல் டி.எச். ஹக்ஸ்லி, கருவில் மண்டையோடு அப்படித் துண்டு துண்டாக உருவாவதில்லை என்று காட்டி எலும்பளவில் இதை முடித்துவைத்தார்.

ஆனால் எலும்பில் தோற்ற கருத்து தசையில் திரும்பி வந்தது. உடற்பகுதியில் தசைகள் சோமைட் எனப்படும் கண்டங்களிலிருந்து வருகின்றன. பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாயின் இருபுறமும் முன்னிருந்து பின்னாக, ஒழுங்கான இடைவெளியில் உருவாகும், கருவின் நடு அடுக்கான இடைப்படையின் திரள்கள் அவை. பிரான்சிஸ் பால்ஃபர் 1870-களில் சுறாக் கருக்களை ஆராய்ந்தபோது தலையிலும் அதே போன்ற குழிகளைக் கண்டார். 1882-இல், பால்ஃபர் தமது முப்பதாவது வயதில் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து இறந்த அதே ஆண்டில், வான் வைஹெ அவற்றைத் தலைச் சோமைட்டுகளாக எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். எட்வின் குட்ரிச் 1930-இல் தந்த விளக்கப்படம் இக்கொள்கைக்குப் பாடநூல் அந்தஸ்து கொடுத்தது.

குறை எங்கே? சுறாவில் தெளிவாகத் தெரியும் குழிகள் கோழியிலும் பாலூட்டிகளிலும் பெரும்பாலும் இல்லை. 1979-இல் ஸ்டீபன் மையர் மின்னணு நுண்ணோக்கியில் கோழிக் கருவின் தலை இடைப்படையில் மங்கலான கண்ட வடிவங்களைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் உயிரணுக்கள் தாண்டாத எல்லையோ, சோமைட்டுகளில் கண்டங்களை வகுக்கும் மரபணுச் செயல்பாடோ அங்கே உறுதியாகவில்லை. ஷிகேரு குராதானியின் குழுவினர் தாடையற்ற லாம்ப்ரே மீனின் கருவிலும் தலைச் சோமைட்டுகளைக் காணவில்லை. சுறாவின் தலைக்குழிகள் பழைய ஏற்பாட்டின் மிச்சமா, சுறா வம்சத்தில் தனியாக வந்தவையா என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

இருந்தாலும் இந்த விடையை முழுக்கத் தள்ள முடியாது. நாக்கின் தசைகள் உண்மையிலேயே சோமைட்டுகளிலிருந்துதான் வருகின்றன. பிடரிப் பகுதிச் சோமைட்டுகளிலிருந்து தசை முன்னோடி உயிரணுக்கள் கழுத்தைச் சுற்றி முன்னோக்கி நகர்ந்து வாயின் தரையை அடைகின்றன; பன்னிரண்டாம் மூளை நரம்பு அதே வழியில் வருகிறது. நாக்கெலும்புக்குக் கீழுள்ள கழுத்துத் தசைகளும் சோமைட் வழியினவே. விழுங்குதலின் முக்கியத் தசைத் திரள் ஒன்று கை கால் தசைகளின் உறவு என்பது இந்தப் பழைய கட்சி ஈட்டிய நிலையான வெற்றி.

செவுள் வளைவுகளின் பிள்ளைகள்

1825-இல் ஹைன்ரிக் ராத்கே பன்றிக் கருவின் கழுத்தில் மீனின் செவுள் பிளவுகளை ஒத்த அமைப்பைக் கண்டார். மனிதக் கருவில் இவை நான்காம் வாரத்தில் தோன்றுகின்றன. கோழிக்கருவில் மூன்றாம் நாளில் முட்டையைத் திறந்து கைவில்லையில் பார்த்தாலே தெரியும். பிளவுகளுக்கு இடையிலுள்ள மேடுகளே செவுள் வளைவுகள். ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஓர் இடைப்படைத் தண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒரு நரம்பு.

மெல்லும் தசைகளும் வாயின் தரைத் தசை ஒன்றும் முதல் வளைவிலிருந்து வந்தவை; ஐந்தாம் நரம்பு அவற்றை இயக்குகிறது. முகத் தசைகளும் நாக்கெலும்பைத் தூக்கும் சில தசைகளும் இரண்டாம் வளைவு, ஏழாம் நரம்பு. மூன்றாவதின் பங்கு ஒரே ஒரு சிறு தொண்டைத் தசை. தொண்டையைச் சுருக்கும் தசைகளும் குரல்வளைத் தசைகளும் பின் வளைவுகளின் கொடை, பத்தாம் நரம்பின் ஆட்சி.

இந்த ஒழுங்கைப் பார்த்தவர்களுக்கு வேறொரு எண்ணம் வந்தது. செவுள் வளைவு என்பது குடலின் முன்முனைச் சுவர். அப்படியானால் தாடைத் தசையும் குடல்சுவர்த் தசையின் இனம்தானே? எட்ஜ்வொர்த் 1935-இல் வெளியிட்ட முதுகெலும்பிகளின் தலைத்தசைகள் பற்றிய பெருநூல் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இத்தசைகளை விலங்கு விலங்காகத் தொடர்ந்து சென்றது. ஆல்பிரட் ரோமர் 1972-இல் இன்னும் துணிந்தார்: முதுகெலும்பி என்பது வெளியுடல் விலங்கு ஒன்றும் குடல் விலங்கு ஒன்றும் அரைகுறையாக ஒட்டவைத்த கலவை என்றார்.

கவர்ச்சியான கருத்துதான். ஆனால் தாடைத் தசை வரித்தசை. நாம் நினைத்தபடி இயங்குவது. இழை அமைப்பில் கைத் தசையிலிருந்து பிரித்தறிவது கடினம். குடல்சுவர்த் தசைக்கு இந்த இயல்புகளில் எதுவும் இல்லை. ரோமரின் வாதம் நரம்பு விநியோகத்தின் ஒற்றுமையை வைத்து எழுந்தது. உயிரணுக்கள் எங்கிருந்து கிளம்பின என்று அவரால் பார்க்க முடியவில்லை. அதற்கு அடையாளமிட்ட உயிரணு வேண்டும்.

காடையும் கோழியும்

1969-இல் நிக்கோல் லெ துவாரன் அந்த அடையாளத்தைக் கொடுத்தார். காடையின் உட்கருவை உரிய சாயமிட்டுப் பார்த்தால் அடர்ந்த திட்டு ஒன்று தெரியும், கோழியில் தெரியாது. காடைக் கருவின் ஒரு துணுக்கைக் கோழிக் கருவில் அதே இடத்தில் பொருத்தினால், பின்னர் எந்தத் திசுவில் காடை உயிரணு உள்ளது என்று துல்லியமாகச் சொல்லலாம். பல்லடத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் செட்டர் எனப்படும் அடைகாப்பு இயந்திரத்தில் வாரந்தோறும் அடுக்கப்படும் முட்டைதான் தலை உருவாக்கம் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்தது. இந்தியாவிலும் இதற்கு மரபு உண்டு: எடின்பரோவில் வாடிங்டனிடம் பயின்ற லீலா முல்ஹேர்கர், புனே பல்கலைக்கழகத்தில் கோழிக் கருவியலை வளர்த்தவர்.

அமெரிக்காவின் ட்ரூ நோடன் 1983-இல் வெளியிட்ட ஒட்டு ஆய்வுகள் இரண்டு முடிவுகளைத் தந்தன. வளைவுத் தசையின் இழைகள் தலையின் இடைப்படையிலிருந்து வருகின்றன. ஆனால் அந்த இழைகளைப் பொதிந்திருக்கும் இணைப்புத் திசு, தசைநாண், அவை பற்றிக்கொள்ளும் தாடை எலும்பு ஆகியவை நரம்பு முகட்டிலிருந்து வந்தவை. நரம்புக் குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து கிளம்பி நகரும் உயிரணுக் கூட்டம்தான் நரம்பு முகடு. உடலில் எலும்பு இடைப்படையின் சொத்து. முகத்தில் அது கருவின் வெளி அடுக்கான புறப்படையின் வழி வருகிறது. இதை 1890-களிலேயே ஜூலியா பிளாட் என்ற அமெரிக்கப் பெண் நீர்வாழ் சாலமாண்டர் ஒன்றின் கருவில் கண்டு எழுதினார். ஒவ்வொரு அடுக்கும் தனக்குரிய திசுக்களையே தரும் என்ற கருப்படைக் கோட்பாட்டுக்கு விரோதம் என்று அறிஞர்கள் ஏற்கவில்லை. பல்கலைக்கழக வேலையும் கிடைக்காமல் போய், 1931-இல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊருக்கு மேயராகிவிட்டார்.

நோடனின் ஆய்வு வெளிவந்த அதே 1983-இல் கார்ல் கான்ஸும் கிளென் நார்த்கட்டும் ‘புதிய தலை’ கருதுகோளை முன்வைத்தார்கள். வடிகட்டி உண்ட மூதாதையிலிருந்து வேட்டையாடி உண்ணும் முதுகெலும்பி உருவானபோது, நரம்பு முகடும் உணர்வுறுப்புகளின் தடிப்புகளும் தொண்டைத் தசையும் சேர்ந்து முன்னிருந்த உடலின் முன்னால் ஒரு புதிய தலையைக் கட்டின என்பது அதன் சாரம். ஆனால் நோடனின் முடிவு எழுப்பிய அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தசை இழை ஓரிடத்திலிருந்தும் அதன் உறை வேறிடத்திலிருந்தும் வந்தால், தசையின் வடிவத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

நோடன் முதல் வளைவுக்குரிய நரம்பு முகட்டை இரண்டாம் வளைவின் இடத்தில் பொருத்தினார். அங்கே இன்னொரு கீழ்த்தாடை முளைத்தது. இரண்டாம் வளைவின் தசைகள் தாடைத் தசைகளைப் போல அதில் ஒட்டிக்கொண்டன. நரம்பு முகட்டிடமே வரைபடம் இருக்கிறது என்று கருவியல் உலகம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நம்பியது. 2002-இல் பால் டிரெய்னரும் ராப் கிரம்லாஃபும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். பொருத்திய துணுக்கோடு நடுமூளை–பின்மூளை எல்லைத் திசுவும் போயிருக்கக்கூடும். அது சுரக்கும் எஃப்ஜிஎஃப்8 என்ற சமிக்ஞை, இரண்டாம் வளைவின் அடையாளமான ஹாக்ஸ்ஏ2 மரபணுவை அடக்கியிருக்கும். அப்படியானால் வந்தது வரைபடம் அன்று, அண்டைத் திசுவின் உத்தரவு. அதே ஆண்டில் லெ துவாரன் குழுவினர், குடலின் உள்ளடுக்கான உட்படையும் முக எலும்புகளுக்கு உத்தரவிடுகிறது என்று காட்டினார்கள்.

பின்பு வந்த சான்றுகள் நரம்பு முகட்டின் பக்கம் மீண்டும் சாய்ந்தன, ஆனால் அளவோடு. மசாயோஷி தோகிதாவும் ரிச்சர்ட் ஷ்னைடரும் 2009-இல் காடையின் நரம்பு முகட்டை வாத்துக் கருவில் வைத்தபோது, வாத்தின் சொந்த உயிரணுக்களால் ஆன தாடைத் தசை காடைத் தசையின் வடிவையும் பற்றுமிடத்தையும் பெற்றது. வாத்து சேற்றை அள்ளி வடிகட்டுவது. காடை கொத்தித் தின்பது. தீனி முறைக்கேற்ற தசை வடிவம் தசையிடம் இல்லாமல் அதன் உறையிடம் இருந்தது இதனால் வெளிப்பட்டது. இன்னொரு பக்கம், எல்டாத் ட்ஸாஹோரின் குழு 2007-இல் கோழியில் நரம்பு முகட்டை அகற்றிப் பார்த்தபோது தசை உயிரணுக்கள் உருவாகத்தான் செய்தன. பிந்தைய முதிர்ச்சியும் வடிவமும்தான் குலைந்தன. தசை ஆக வேண்டும் என்ற முடிவு இடைப்படையுடையது, எப்படிப்பட்ட தசை என்பது பெரும்பாலும் நரம்பு முகட்டுடையது என்று இப்போதைக்குச் சொல்லலாம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நீக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

இதயத்தின் பங்காளி

1990-களில் மேசைக்குச் சுண்டெலி வந்தது. 1997-இல் ஷாராகிம் தாஜ்பக்ஷும் உடன் உழைத்தோரும் பாக்ஸ்3, மைஃப்5 என்ற இரு மரபணுக்களையும் இழந்த எலிக் கருவில் உடற்பகுதித் தசை இல்லாமற்போனதையும் தலைத் தசைகள் இருந்ததையும் காட்டினார்கள். தலைக்கு வேறு கட்டளைச் சங்கிலி உண்டு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை. 2003-இல் ட்ஸாஹோர், உடலில் தசையைத் தூண்டும் ‘விண்ட்’ சமிக்ஞை தலையில் தசையைத் தடுக்கிறது என்று கோழியில் கண்டார். ராபர்ட் கெல்லியின் குழு 2004-இல் டிபிஎக்ஸ்1 மரபணு இழந்த எலியில் வளைவுத் தசைகள் குன்றியோ இல்லாமலோ போவதைக் கண்டது.

இந்தச் சங்கிலியை முழுமைப்படுத்தியதில் ஓர் இந்தியப் பெயர் உண்டு. ராம்குமார் சாம்பசிவன், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் தாஜ்பக்ஷ் ஆய்வகத்தில் இருந்தபோது 2009-இல் வெளியிட்ட ஆய்வில், டிபிஎக்ஸ்1, மைஃப்5 இரண்டும் போனால் வளைவுத் தசைகள் உருவாவதில்லை என்று காட்டினார். உடலில் பாக்ஸ்3 வகிக்கும் இடத்தை வளைவுகளில் டிபிஎக்ஸ்1 வகிக்கிறது. கண்ணை உருட்டும் தசைகள் பிட்எக்ஸ்2 என்ற மூன்றாவது மரபணுவை நம்பியுள்ளன.

எதிர்பாராத செய்தி அந்த மரபணுக்களின் இன்னொரு முகவரிதான். டிபிஎக்ஸ்1-உம், வளைவுகளில் செயல்படும் ஐலெட்1 என்ற இன்னொரு மரபணுவும் இதயத்தின் ஒரு பகுதியைக் கட்டும் இடைப்படையிலும் செயல்படுகின்றன. 2010-இல் ஃபாபியென் லெஸ்க்ரோவாரும் மார்கரெட் பக்கிங்காமும் எலியில் தனி உயிரணுக்களின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்தபோது, மெல்லும் தசைகள் இதயத்தின் வலது கீழறையோடும், முகத் தசைகள் இதயத்திலிருந்து வெளியேறும் பெருங்குழாயின் அடித்தசையோடும் பொது மூதாதை கொண்டிருந்தன. அதே ஆண்டில் கடல்பீச்சி எனப்படும் முதுகெலும்பற்ற உறவினத்தில் இதயமும் நீர் வெளியேறும் துளையின் தசையும் ஒரே தாய் உயிரணுவிலிருந்து வருவது தெரிந்தது. ரூயி டியோகோ முதலியோர் 2015-இல் இவற்றைச் சேர்த்து ‘இதய–தொண்டைப் புலம்’ என்று தொகுத்தார்கள். தாடைத் தசையின் மூதாதை முதுகெலும்பியைவிடப் பழையது என்றாகிறது. கான்ஸும் நார்த்கட்டும் புதிது என்றதில் ஒரு பங்கு பழையதாயிற்று. குடல்சுவரோடு உறவு சொன்ன ரோமரும் எதிர்பாராத கோணத்தில் பாதி மீண்டார். இதயமும் குடலை ஒட்டிய இடைப்படையில் பிறப்பதுதான்.

இன்று பெரும்பான்மை இந்த விடையின் பக்கம். ஆனாலும் ‘புலம்’ என்ற சொல் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுகிறதோ என்று தோன்றுகிறது. ஒரு மரபணு இரண்டு இடங்களில் செயல்படுவது இரண்டுக்கும் ஒரே பிறப்பிடம் என்பதற்குச் சான்றாகாது. லெஸ்க்ரோவாரின் வழித்தோன்றல் ஆய்வு வலுவானது. எல்லா ஆய்வுகளும் அப்படி இல்லை.

உணவுக்குழாயின் எல்லைத் தகராறு

எலிக்கும் மாட்டைப் போலவே உணவுக்குழாய் பெரும்பாலும் வரித்தசை. ஆனால் கருவில் முதலில் அங்கே மென்தசைதான் இருக்கிறது. 1995-இல் ஆர்டெம் படபூட்டியன், பின்னாளில் தொடுவுணர்வு ஆய்வுக்காக 2021-இன் நோபல் பரிசு பெற்றவர், மென்தசை நேரடியாக வரித்தசையாக உருமாறுகிறது என்று சில சான்றுகளோடு எழுதினார். முதிர்ந்த ஓர் உயிரணு வகை இன்னொன்றாக இயற்கையாக மாறும் அரிய உதாரணமாக அது பேசப்பட்டது. 2003-இல் மென்தசை உயிரணுக்களுக்கு நிரந்தர அடையாளமிட்டுப் பார்த்த ஆய்வு, வரித்தசையில் அந்த அடையாளம் இல்லை என்றது. உருமாற்றக் கருத்து பின்வாங்கியது.

அப்படியானால் வரித்தசை எங்கிருந்து வந்தது? சுவேதா கோபாலகிருஷ்ணன், சாம்பசிவன், தாஜ்பக்ஷ் முதலியோர் 2015-இல் தலையின் இடைப்படையிலிருந்து என்று விடை தந்தார்கள். டிபிஎக்ஸ்1 இல்லாத எலியின் உணவுக்குழாயில் வரித்தசை இல்லை. வயிற்றின் வாசலில் இருக்கும் தசைக்கும் பூர்வீகம் கழுத்துக்கு மேலே. 2019-இல் கிளெண்டா கொமாய் முதலியோரின் ஆய்வு மேலும் ஒன்றைச் சேர்த்தது: மென்தசைப் படலத்தைச் சாரமாகக் கொண்டு இவ்வுயிரணுக்கள் மேலிருந்து கீழாக இடம்பெயர்கின்றன, அதற்கு மெட் என்ற மரபணு வேண்டும். கை கால்களுக்கும் நாக்குக்கும் நகரும் சோமைட் உயிரணுக்கள் பயன்படுத்தும் அதே கருவி அது. பிறப்பிடம் தலையுடையது, பயண முறை உடலுடையது.

கோழியில் இந்தப் பயணமே நடப்பதாகத் தெரியவில்லை. மனிதனில் பாதி வழியில் நிற்கிறது. மாட்டில் கடைசி வரை போகிறது. அசைபோடும் விலங்குக்கு உணவை மேலே கொண்டுவர வேகமான வரித்தசை தேவை என்ற பயன்பாட்டு விளக்கம் எளிதில் வாயில் வருகிறது. ஆனால் அசைபோடாத நாய்க்கும் எலிக்கும் அதே அமைப்பு உண்டு. எங்கே நிறுத்துவது என்பதை எந்தச் சமிக்ஞை தீர்மானிக்கிறது என்பதற்கு எலியை மட்டும் வைத்து விடை காண்பது கடினம். எலியில் அந்தப் பயணம் கிட்டத்தட்ட கடைசி வரை போய்விடுகிறது.

பிறக்கும் முன் விழுங்குதல்

தசை உருவாவதும் இயங்குவதும் தனித்தனிக் கட்டங்கள் என்ற எண்ணம் பழையது. ஆனால் விழுங்குதல் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோழிக் கருவில் 12–13 நாளளவில் வெள்ளைக்கரு பனிக்குட நீரோடு கலக்கிறது. கரு அதை வாய்வழியே விழுங்குகிறது. 18-ஆம் நாள் முட்டைகளைச் செட்டரிலிருந்து, குஞ்சு பொரிக்கும் இயந்திரமான ஹேட்சருக்கு மாற்றும் சமயத்தில் முட்டைக்குள்ளேயே சத்துநீரோ தடுப்பூசியோ செலுத்தும் தொழில்நுட்பத்தில், பனிக்குட நீரில் போடும் சத்தைக் குஞ்சு குடித்துவிடும் என்பதுதான் கணக்கு. மனிதக் கரு ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில் விழுங்கத் தொடங்கி, மாதம் நிறையும்போது நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்குகிறது. உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒத்திசைவது சுமார் 34-ஆம் வாரத்தில்தான். அதற்கு முன் பிறந்த குழந்தைக்குக் குழாய் வழியாகவும், பின்பு பாலாடையிலோ சங்கிலோ பால் புகட்டுவதற்குக் காரணம் இது. தசை இருக்கிறது, இசைவு இன்னும் வரவில்லை.

அசைவு தன் பங்குக்கு உடலையும் வடிக்கிறது. டிராக்மனும் சோகொலாஃபும் 1966-இல் கோழிக் கருவைச் செயலிழக்கச் செய்தபோது மூட்டுகள் சரியாக உருவாகாமல் ஒட்டிப்போயின. மரபணுக்களின் சங்கிலியை மட்டும் எழுதும் இன்றைய கட்டுரைகள் இந்தப் பழைய கண்டுபிடிப்புக்கு ஒரு வரி ஒதுக்குவதே அதிகம்.

முடிவாகாதவை

தசைகளின் பூர்வீகம் என்ற பழைய கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டதாகவே கொள்ளலாம். நாக்கு சோமைட்டுடையது, தாடை, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாயின் வரித்தசை ஆகியவை இதயத்தோடு உறவுள்ள தலை இடைப்படையுடையவை, வடிவம் நரம்பு முகட்டின் செல்வாக்கில் அமைகிறது. தோள்பட்டைக்குப் போகும் தசைப்பட்டை போன்ற எல்லைப்புறத் தசைகளில் இரு தரப்பும் உரிமை கோருகின்றன. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

தீராதது வேறு. 22-ஆம் குரோமோசோமில் டிபிஎக்ஸ்1 அடங்கிய சிறு பகுதியை இழப்பது, சுமார் 4,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவதாகப் பொதுவாகச் சொல்லப்படும் குறைபாடு. இதயக் கோளாறும், பால் மூக்கு வழி வருவதும், விழுங்கச் சிரமமும் இக்குழந்தைகளில் சேர்ந்து வருவதை இதய–தொண்டைப் புலம் அழகாக விளக்குகிறது. மிகவும் அழகாக விளக்குவதாலேயே எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆந்தனி லாமான்டியாவின் குழு இதே இழப்புள்ள எலிக்குட்டிகளை ஆராய்ந்து, ஐந்தாம் நரம்பின் உருவாக்கமும் பின்மூளையின் ஒழுங்கும் குலைந்திருப்பதை 2014-இல் காட்டியது. அப்படியென்றால் முதல் பழுது தசையிலா, அதை ஏவும் நரம்பிலா, இரண்டிலும் ஒரே சமயத்திலா? சிகிச்சை தேடுவோருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு பாதைகள். இப்போதுள்ள சான்று மூன்றாவதை நோக்கிச் சாய்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் அது எலிகளிலிருந்து வந்த சான்று. இதுவரை இந்தத் துறையில் ஒவ்வொரு புதிய விலங்கும் முந்தைய விடையில் ஏதாவது ஒரு பகுதியைத் திருத்தியிருக்கிறது. மனிதக் கருத்திசுவில் உயிரணு உயிரணுவாக மரபணுச் செயல்பாட்டை வாசிக்கும் ஆய்வுகள் இப்போதுதான் சேரத் தொடங்கியுள்ளன. அவை இடைப்படையையும் பின்மூளையையும் ஒரே கருவில், ஒரே நாளில் பார்த்தால்தான் எது முந்தியது என்று சொல்ல முடியும்.